பெரிய 4கே மானிட்டர் சரியாக ஓடவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

திருப்பூரில் பிரிண்ட் டிசைன் போடுபவர்கள், கோவையில் பம்ப் பாகங்களுக்கு வரைபடம் வரைபவர்கள், கரூரிலும் சென்னிமலையிலும் போர்வை டிசைன் செய்பவர்கள் என இந்த வட்டாரத்தில் பலரும் 22 அங்குலத் திரையை விட்டு 32 அல்லது 43 அங்குல 4கே (3840 × 2160 புள்ளிகள் கொண்ட) திரைக்கு மாறி வருகிறார்கள். மாறிய முதல் வாரத்தில் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. அவற்றோடு வருபவர்கள் முதலில் கேட்பதும் புதிய கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படத்தைத் தயாரித்து அனுப்பும் பலகை) வாங்க வேண்டுமா என்பதைத்தான். விளையாட்டோ முப்பரிமாண ரெண்டரிங்கோ இல்லாத மேசையில், கார்டின் வலிமை போதாமல் படம் வராமல் போவது அரிது. 4கே திரையின் ஒரு முழுப் படத்தை வைத்துக்கொள்ளக் கார்டுக்கு ஏறத்தாழ 33 எம்பி நினைவகம் போதும். அந்தப் படத்தை நொடிக்கு 60 முறை வெளியே அனுப்பும் வழிதான் பல இடங்களில் குறுகலாக இருக்கிறது. ஆகவே, கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனைகள் முதலிலும், கார்டு மாற்றுவது கடைசியிலும் வருகின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும், தொடங்கும் முன் விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற வரிசையில் சென்று அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மானிட்டர் எந்தக் கார்டோடு இணைந்திருக்கிறது, டெஸ்க்டாப் அளவு என்ன, உண்மையில் கேபிளில் போகும் சிக்னலின் அளவு என்ன, ரிப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) எத்தனை ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மெக்கானிக்கை அழைத்தாலும் அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

## அறிகுறி 1: 3840 × 2160 என்ற தேர்வே பட்டியலில் இல்லை

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் சொருகப்பட்டிருக்கிறதா? கார்டு இருந்தும் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் சொருகிவிடுவது மிக அதிகமாகக் காணப்படும் பிழை. வழக்கமான டவர் கேபினட்டின் பின்புறத்தில், யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்து செங்குத்தாக இருப்பவை மதர்போர்டுக்கு உரியவை. அதற்குக் கீழே தனித் தகட்டில் படுக்கைவாட்டில் இருப்பவை கார்டுக்கு உரியவை. அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் கார்டின் பெயருக்குப் பதிலாக இன்டெல் கிராபிக்ஸ் என்று இருந்தால் கேபிளை மாற்றிச் சொருகினால் போதும்.

டிரைவர் (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இருக்கிறதா? அந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால் டிரைவர் நிறுவப்படவில்லை. கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே அதை இறக்கி நிறுவ வேண்டும்.

இடையில் மாற்றி ஏதேனும் உண்டா? விஜிஏ துளை வழியாக 4கே எதிர்பார்க்க முடியாது. விஜிஏ, எச்டிஎம்ஐ மாற்றிகளில் பெரும்பாலானவை 1920 × 1080-இல் நின்றுவிடும்.

பழைய மதர்போர்டா? கார்டே இல்லாமல், எச்61 என்ற பழைய வகை மதர்போர்டில் இன்டெல் 2 அல்லது 3-ஆம் தலைமுறைச் சிப்போடு ஓடும் பெட்டிகள் நம் பகுதி அலுவலகங்களில் இன்னும் நிறைய உள்ளன. அவற்றின் எச்டிஎம்ஐ 1920 × 1200-க்கு மேல் போகாது. எந்த டிரைவரும் இதை மாற்றாது. 4-ஆம் தலைமுறையில் 4கே வரும், ஆனால் அடுத்த அறிகுறியில் சொல்லப்போகும் தடையோடு வரும்.

பழைய 30 அங்குல மானிட்டரா? இது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஆப்பிள் 2004-இல் வெளியிட்ட 30 அங்குல சினிமா டிஸ்பிளேயும், அதன் பின் வேறு நிறுவனங்கள் வெளியிட்ட 2560 × 1600 அளவு மானிட்டர்களும் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன; நிறம் நன்றாக இருப்பதால் டிசைனர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். இவற்றில் பல, டூயல் லிங்க் (இரட்டைப் பாதை) டிவிஐ என்ற ஒரே இணைப்பை நம்பியவை. இதை எச்டிஎம்ஐ மாற்றி வழியாக இணைத்தால் சிக்னல் சிங்கிள் லிங்க்காகக் குறைந்து, திரை 1280 × 800 என்று பூதாகரமான எழுத்துகளோடு நிற்கும், அல்லது கறுப்பாகவே இருக்கும். முதலில் டிவிஐ கேபிளின் முனையைப் பாருங்கள்: தட்டையான ஒற்றைக் கம்பிக்குப் பக்கத்தில் 24 ஊசிகள் இடைவெளியின்றி இருந்தால் டூயல் லிங்க், நடுவில் ஆறு ஊசிகள் இல்லாமல் இடைவெளி தெரிந்தால் சிங்கிள் லிங்க். கேபிளும் கார்டும் டூயல் லிங்க்காக இருந்தால் பிரச்சினை இல்லை. இப்போதைய கார்டுகளில் டிவிஐ துளையே இருப்பதில்லை. அப்போது டிஸ்பிளே போர்ட்டிலிருந்து (எச்டிஎம்ஐ போன்ற மற்றொரு இணைப்பிலிருந்து) டூயல் லிங்க் டிவிஐக்கு மாற்றும், யுஎஸ்பி வழியாக மின்சாரம் எடுக்கும் ஆக்டிவ் (சிக்னலை மாற்றும் சிப் உள்ள) மாற்றி தேவைப்படும். அந்த மாற்றியின் விலையை விசாரித்த பிறகே பழைய மானிட்டருக்குப் பேரம் பேசுவது நல்லது.

## அறிகுறி 2: 4கே வருகிறது, ஆனால் மவுஸ் இழுபடுகிறது

மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்வது, ஜன்னலை இழுத்தால் பின்தங்கி வருவது, எக்செல் தாளை உருட்டும்போது வரிகள் துள்ளுவது: இவை மூன்றும் சேர்ந்தால், திரை 60-க்குப் பதில் 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று எண்ணி ரேம் கூட்டியவர்களும் எஸ்எஸ்டி மாற்றியவர்களும் உண்டு. இரண்டும் இதற்குத் தீர்வல்ல.

முதலில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் ரிப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறந்து 60 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தேர்ந்தெடுத்து முடித்துவிடலாம். 30 அல்லது 24 மட்டுமே இருந்தால் கீழ்க்கண்ட வரிசையில் செல்ல வேண்டும்.

மானிட்டரின் சொந்த மெனு. பல மானிட்டர்களில் எச்டிஎம்ஐ 1.4, 2.0 என்றோ, டிஸ்பிளே போர்ட் 1.1, 1.2 என்றோ தேர்வு இருக்கும். பழைய கருவிகளோடு பொருந்த வேண்டும் என்பதற்காகச் சிலவற்றில் அது குறைந்த நிலையில் வைக்கப்பட்டு வரும். டிவியை மானிட்டராகப் பயன்படுத்துபவர்கள் சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட் என்ற பெயர்களில் அதைத் தேடலாம். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக அது இயக்கப்பட வேண்டும். சில டிவிகளில் ஒரு துளை மட்டுமே முழு வேகத்துக்கு உரியது.

எச்டிஎம்ஐ விட்டு டிஸ்பிளே போர்ட். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4, நொடிக்கு 10.2 கிகாபிட் வரைதான் கடத்தும். 4கே-வில் அது 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 60 வேண்டுமென்றால் 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0, அதாவது 18 கிகாபிட் தேவை. ஆனால் டிஸ்பிளே போர்ட் 1.2 அதற்கு முன்பே, 2010-இலேயே 4கே 60-ஐத் தாங்கியது. இதன் நடைமுறைப் பயன் பெரிது: எச்டிஎம்ஐ-யில் 30-க்கு மேல் தராத இன்டெல் 4-ஆம் தலைமுறை முதல் 10-ஆம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப் பெட்டிகளில், மதர்போர்டில் டிஸ்பிளே போர்ட் துளை இருந்தால், ஒரு கேபிள் விலையில் பிரச்சினை தீர்ந்துவிடும். அலுவலகங்களுக்கென்று விற்கப்பட்டு, பிறகு ரீஃபர்பிஷ்டாக (சரிசெய்த பழைய பொருளாக) நம் கடைகளுக்கு வரும் பெரிய பிராண்டு பெட்டிகளில் அந்தத் துளை பெரும்பாலும் உண்டு. அதற்கென்று கார்டு வாங்குவது வீண்செலவு. ஏஎம்டி ரைசன் சிப்புகளில் உள்ள கிராபிக்ஸ் 60 தரக்கூடியதாக இருந்தாலும், மலிவான மதர்போர்டின் துளை 1.4 ஆக இருக்கலாம் என்பதால் மதர்போர்டின் மாடல் எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாற்றி. டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான பாஸிவ் (சிக்னலை மாற்றும் சிப் இல்லாத) மாற்றிகள் 1.4 அளவில்தான் வேலை செய்யும். ஆக்டிவ் என்றும் 4கே 60 ஹெர்ட்ஸ் என்றும் அட்டையில் அச்சிட்டிருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். லேப்டாப்பில் டைப்-சி ஹப் வழியாக இணைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: பல ஹப்கள் யுஎஸ்பி வேகத்துக்குப் பாதி வழியை ஒதுக்கிவிட்டு, மீதியில் 4கே 30 மட்டும் தருகின்றன. எல்லா டைப்-சி துளையிலும் படம் வராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கார்டு. நிவிடியா நிறுவனத்தின் மலிவுக் கார்டுகளான ஜிடி 710, ஜிடி 730 ஆகியவை இன்றும் புதிதாக விற்கப்படுகின்றன. "4கே சப்போர்ட்" என்ற வாசகமும் அட்டையில் இருக்கும். பொய் இல்லை, ஆனால் முழு நிற விவரத்தோடு எச்டிஎம்ஐ-யில் அவை 30-ஐத் தாண்டுவதில்லை. குறைந்தபட்சமாக ஜிடி 1030 வேண்டும். அதிலும் ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும், டிடிஆர்4 வகை கணிசமாக வேகம் குறைந்தது. அது சுமார் 30 வாட்டில் ஓடுவதால் எஸ்எம்பிஎஸ்ஸை (பெட்டிக்கு மின்சாரம் தரும் பகுதியை) மாற்ற வேண்டியதில்லை.

## அறிகுறி 3: எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிகிறது, திரையின் விளிம்பு வெட்டப்படுகிறது

இது 43 அங்குல டிவியை மானிட்டராக வைத்தவர்களின் புகார். வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து மங்கிக் குழம்பினால், சிக்னல் நிற விவரத்தைக் குறைத்து அனுப்பப்படுகிறது என்று பொருள். அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் கலர் ஃபார்மட் 4:2:0 அல்லது 4:2:2 என்று இருக்கும். டிவியில் அந்த இன்புட்டின் பெயரை பிசி என்று மாற்ற வேண்டும்; பிறகு கார்டின் கண்ட்ரோல் பேனலில் ஆர்ஜிபி அல்லது 4:4:4 தேர்ந்தெடுக்க வேண்டும். டாஸ்க்பார் பாதி மறைந்தால் டிவியின் படமெனுவில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஃபிட் டு ஸ்கிரீன் என்பதை இயக்கினால் போதும். துணி நிறத்தை வாங்குபவருக்குத் திரையில் காட்டி ஒப்புதல் பெறுபவர்கள், இந்தச் சோதனையைச் செய்யாமல் ஷேடு பற்றிப் பேசக் கூடாது.

## அறிகுறி 4: பழைய மென்பொருள் மட்டும் மங்கலாகத் தெரிகிறது

அச்சகங்களில் இன்றும் ஓடும் பேஜ்மேக்கர், பழைய கோரல்டிரா போன்றவை 150 சதவீத ஸ்கேலிங்கை (எழுத்தையும் பட்டனையும் விண்டோஸ் பெரிதாக்கிக் காட்டுவதை) அறியாதவை. கார்டில் கோளாறு ஏதுமில்லை. அந்த மென்பொருளின் ஐகானில் வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று சென்று, ஸ்கேலிங்கை அப்ளிகேஷன் கையில் விட்டால் எழுத்து கூர்மையாகும், ஆனால் பட்டன்கள் சிறுத்துவிடும். சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். 43 அங்குலத் திரையில் ஸ்கேலிங்கை 100-இல் வைத்தாலே பழைய திரையில் பார்த்த எழுத்தளவு கிடைத்துவிடுவதால், இந்த மென்பொருள்களை நம்பி வேலை செய்பவர்களுக்கு 27 அங்குல 4கே-வை நான் பரிந்துரைப்பதில்லை.

## அறிகுறி 5: நொடிப்பொழுது கறுப்பாகி மீண்டும் வருகிறது

ரிப்ரெஷ் ரேட்டை 60-லிருந்து 30-க்குக் குறைத்து, ஒரு மணி நேரம் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். இமைப்பது நின்றுவிட்டால் குற்றவாளி கேபிள்தான்; நிற்காவிட்டால் கேபிளை ஓரளவு விட்டுவிடலாம். செலவில்லாத இந்தச் சோதனை பல கார்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

கேபிள் வாங்கும்போது பிரீமியம் ஹை ஸ்பீடு என்ற பெயரும், ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய கியூஆர் லேபிளும் உள்ளதாகப் பார்த்து, 2 மீட்டருக்குள் வாங்க வேண்டும். ஏற்றுமதி நிறுவனங்களின் மீட்டிங் அறையிலும் ஜவுளி ஷோரூம்களிலும் ஃபால்ஸ் சீலிங் வழியாக 10 மீட்டருக்கு மேல் சாதாரண எச்டிஎம்ஐ ஓட்டியிருப்பார்கள். ஃபுல் எச்டி காலத்தில் அது வேலை செய்தது, 4கே 60-இல் செய்யாது. அங்கே ஒளியிழை வழியாகச் சிக்னலை அனுப்பும் ஆக்டிவ் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிளே வழி. அதற்குத் திசை உண்டு என்பதால், சோர்ஸ் என்று அச்சிட்ட முனை கம்ப்யூட்டர் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சீலிங்கை மூடச் சொல்ல வேண்டும்.

கேபிள் மாறியும் இமைத்தால், எப்போது இமைக்கிறது என்று கவனிக்க வேண்டும். நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் இமைத்தால் சிரிக்க வேண்டாம்: கேஸ் லிஃப்ட் நாற்காலிகளில் உண்டாகும் மின்பொறி அலை, காப்புக் குறைந்த கேபிள்களில் புகுந்து திரையை ஒரு கணம் அணைப்பது அறியப்பட்ட ஒன்று. எம்பிராய்டரி மெஷினோ தறியோ மோட்டாரோ ஓடத் தொடங்கும்போது இமைத்தால், கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இல்லை அல்லது எர்த் சரியில்லை. செருப்பில்லாமல் நின்று கேபினட்டின் பெயிண்ட் உதிர்ந்த இடத்தைத் தொட்டால் சுறுசுறுவென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டாம். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். எர்த் இல்லாத பெட்டியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிச் சொருகுவதால் டிவியின் துளையோ கார்டின் துளையோ கருகிப்போகவும் கூடும்.

## அறிகுறி 6: ஆன் செய்தால் படமே இல்லை

இன்புட் சோர்ஸ் சரிதானா என்பதைப் பார்த்த பின், மானிட்டரை எச்டிஎம்ஐ வழியாக இணைத்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ-யில் வந்து டிஸ்பிளே போர்ட்டில் வராவிட்டால் இரண்டு காரணங்களை நினைக்கலாம். ஒன்று, மலிவான கேபிள்: டிஸ்பிளே போர்ட்டின் 20-ஆம் ஊசி மின்சாரத்துக்கு உரியது, வழக்கமான கேபிளில் அது இணைக்கப்படக் கூடாது, இணைத்துவிட்ட கேபிள்களால் மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் திரும்பிச் சென்று, பெட்டி அணைந்த பின்னும் மின்விசிறி லேசாகத் துடிப்பது, மறுபடி ஆன் ஆகாமல் நிற்பது போன்ற விசித்திரங்கள் நிகழும். மற்றொன்று, விண்டோஸ் வந்த பிறகு படம் வருகிறது, அதற்கு முன் பயாஸ் திரை (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் வரும் திரை) மட்டும் வரவில்லை என்றால், நிவிடியாவின் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளில் டிஸ்பிளே போர்ட் 1.3, 1.4 மானிட்டர்களுக்கென்று அந்நிறுவனமே வெளியிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு தேவைப்படலாம். அதை யுபிஎஸ் இல்லாத இடத்தில் செய்யக் கூடாது. இடையில் கரண்ட் போனால் கார்டு உயிர்பெறாமல் போகலாம்.

இரண்டு துளையிலும் படம் இல்லை, பெட்டி பீப் ஒலி எழுப்புகிறது என்றால் கார்டைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பப் பொருத்தலாம். அதற்கு மேல் கடைக்காரரின் வேலை.

## அறிகுறி 7: சிறிது நேரம் ஓடிய பின் கறுப்பாகிறது, விசிறி இரைகிறது

சோமனூர், பல்லடம், திருப்பூர்ப் பகுதிகளுக்கு உரிய கோளாறு இது. விசைத்தறிக் கூடத்தையோ நிட்டிங் பிரிவையோ ஒட்டிய அறையில் பறக்கும் பஞ்சுத் துகள், கார்டின் விசிறிக்கு அடியில் அலுமினியத் தகடுகளின் மேல் ஒட்டிப் படிந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் விசிறி சுத்தமாகத் தெரியும். டார்ச் அடித்து இறக்கைகளுக்கு இடையே பார்த்தால் தகடுகளே தெரியாது, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம் மட்டும் தெரியும். ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வரும்.

டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு (கார்டின் முதன்மைச் சிப்) வெப்பநிலையைப் பார்க்கலாம். வெறும் டெஸ்க்டாப்பிலேயே 70 டிகிரிக்கு மேல் காட்டினால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, கார்டை வெளியே எடுத்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊத வேண்டும். விசிறியைச் சுழல விட்டு ஊதினால் பேரிங் கெடும். கம்பெனியில் தறியைச் சுத்தம் செய்யும் கம்ப்ரஸர் காற்றைப் பிடிக்க வேண்டாம்: அதில் ஈரமும் எண்ணெயும் வரும். சுத்தம் செய்தும் வெப்பம் குறையாவிட்டால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கார்டைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் அதைச் செய்யக் கூடாது, சர்வீஸ் கடையில் செய்யச் சொல்லலாம். வெப்பம் சரியாக இருந்தும், திரையில் புள்ளிகளும் கோடுகளும் தோன்றிய பின் கறுப்பானால் பெரும்பாலும் கார்டின் நினைவகச் சிப் போயிருக்கும். வாரண்டி இல்லாத பழைய கார்டுக்கு அந்தப் பழுதுபார்ப்பு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

## அறிகுறி 8: படம் நன்றாக உள்ளது, வேலைதான் மெதுவாக நடக்கிறது

கார்டின் வலிமை உண்மையாகவே பேச்சுக்கு வருவது இங்கேதான். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே மெதுவாகும் வேலையைச் செய்ய வேண்டும்.

4கே வீடியோ மட்டும் திக்கி, சிபியு நூறைத் தொட்டு, வீடியோ டீகோட் (வீடியோவைக் கார்டே விரித்துக் காட்டும் வேலை) பூஜ்யத்தில் நின்றால், அந்த வீடியோ வகையைக் கார்டு அறியவில்லை. யூடியூப் 4கே-வை விபி9 அல்லது ஏவி1 என்ற சுருக்க வகையில் தருகிறது. ஜிடி 710-க்கு இரண்டும் தெரியாது, ஜிடி 1030-க்கு விபி9 தெரியும், ஏவி1 வேண்டுமென்றால் நிவிடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்தோ இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்தோ தொடங்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் பெரிய பிரிண்ட் ஃபைலை நகர்த்தும்போது டெடிகேட்டட் மெமரி நிரம்பி நின்றால் நினைவகம் போதவில்லை. 4கே திரைக்கு 4 ஜிபி கிராபிக்ஸ் நினைவகத்தை அடோபியே பரிந்துரைக்கிறது. மெமரியும் 3டி வரைபடமும் பாதிக்குக் கீழே இருந்தால், தடை சிபியுவிலோ ரேமிலோ டிஸ்க்கிலோ இருக்கிறது, கார்டை மாற்றிப் பயனில்லை. சாலிட்வொர்க்ஸ் பயன்படுத்துபவர்கள் விளையாட்டுக் கார்டு வாங்கும் முன், அந்நிறுவனத்தின் சான்றளிக்கப்பட்ட கார்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். நிவிடியாவின் ஜிஃபோர்ஸ் என்ற விளையாட்டுக் கார்டுகள் அதில் இல்லை.

கார்டு மாற்றுவதென்று முடிவானால், எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் இருக்கும் 450 வாட் என்ற எண்ணை விட, 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்பதே முக்கியம். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட், அதாவது 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிபியுவுக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்தால் மலிவான எஸ்எம்பிஎஸ் திணறும். மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட்டுக்கு மேல் தராது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற விரும்பாதவர்களுக்கு, தனி பவர் கேபிள் இல்லாமல் 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை பொருந்தும். அதே பெயரில் வரும் 8 ஜிபி வகை 130 வாட் கேட்கும் என்பதால் பில் போடும் முன் அட்டையைப் படிக்க வேண்டும். ஒல்லியான ரீஃபர்பிஷ்டு பெட்டிகளில் முழு உயரக் கார்டு உட்காராது; லோ புரொஃபைல் (குட்டையான) தகடும் கார்டோடு வருகிறதா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும்.